சந்தியிலிருந்து முந்நூறு மீற்றர்

பருத்தித்துறை
09.06.2025

அன்பின் அண்ணைக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துவிடுவீர்கள், ஆகவே எழுதவில்லை.

என் போன் உங்கள் அலுமாரிக்குள் இருக்கிறது. மாமியின் போனிலிருந்து எடுத்தால், "ஜெயனி கதைக்கப்போறாளாம் எண்டவுடனை கட் பண்ணிப்போட்டான்" என்கிறா பியாட்றிஸ் மாமி. முத்திரை ஒட்டின கடிதத்தைக் கட் பண்ண ஏலாது. கிழிக்கத்தான் ஏலும். கிழிக்கிறதுக்குள் ஒரு வரியாவது கண்ணில் படும். வரி என்ற சொல்லைக் கண்டாலே இப்போது உங்களுக்குக் கோபம் வரும் என்பது தெரியும். வரட்டும்.

நான் செய்த குற்றத்தை நானே ஒருக்கால் எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்புங்கள்.

நீங்கள் கேற்றில் காவலுக்கு நிற்கிற கம்பனி தெல்லிப்பழையில் முருங்கையிலையைக் காயவைத்து மாவாக்கி ஒல்லாந்துக்கு அனுப்புகிறது. ஒல்லாந்தில் வேலைக்குச் சைக்கிளில் போனால் முதலாளி கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கொடுப்பாராம். அதற்கு வரியும் இல்லையாம். எங்கடை ஆட்கள் இலையை ஏற்றுமதி செய்ய, அவர்கள் இந்த நல்ல பழக்கத்தை இங்கே இறக்குமதி செய்தார்கள். சைக்கிளில் வருகிற உத்தியோகத்தருக்குச் சைக்கிள் சும்மா. மாதாமாதம் வீட்டுத் தூரத்தை அளந்து படிக்காசு. அது சம்பளத்தோடு சேராது, வரி வெட்டப்படாது. யார் சைக்கிளில் வந்தது என்று நீங்கள் புத்தகத்தில் பதிய வேண்டும்.

பதினொரு பேர் சேர்ந்தார்கள். பதினொரு பேரும் மோட்டார் சைக்கிளில் வந்து, சந்தியில் சீவரத்தினத்தாரின் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் அதை விட்டுவிட்டு, அங்கே கட்டிப் போட்டிருக்கிற சைக்கிளை அவிழ்த்து, கேற் வரைக்கும் முந்நூறு மீற்றர் மிதித்தார்கள். சாவகச்சேரியிலிருந்து வருகிறவர் கணக்குப்படி ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடுகிறார். வண்டி மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. வயிற்றைச் சொல்கிறேன். கணக்காளர் கோகுலன் போத்தல் தண்ணீரை முதுகில் ஊற்றிச் சேர்ட்டை நனைத்துக்கொண்டு ஏறினார், வியர்வைக்கு.

இதை நான் ஒளித்து நின்று படம் எடுத்தேன். "வரிக்குதிரை பாத்திருப்பியள், இது வரியில்லாக் குதிரை" என்று பின்னால் குரல் கொடுத்து இணையத்தில் போட்டுவிட்டேன். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் யாரோ ஒல்லாந்தில் இருந்திருக்கிறார்.

இவ்வளவும்தான். நீங்கள் அந்தப் படத்தில் இல்லை. பிறகு உங்களை ஏன் வீட்டில் இருக்கச் சொன்னார்கள்? என்னை ஏன் உரும்பிராயிலிருந்து இங்கே நாடு கடத்தினீர்கள்?

நீங்கள் அறைந்த கன்னம் சுகம். மற்றக் கன்னத்தைக் காட்டவில்லை. அவ்வளவு நல்ல கிறிஸ்தவப் பிள்ளை இல்லை நான்.

ஜெயனி

*

உரும்பிராய்
17.06.2025

ஜெயனிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. ஓரிடத்தில் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிவப்புப் பேனை இல்லை. நீலத்தால் திருத்துகிறேன். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை முடிந்தது.

மேசையில் என் புத்தகம் இருந்தது. எட்டு மாதப் பதிவு. கணினித் திரையில் ஒல்லாந்திலிருந்து ஒரு அம்மையார். அவ கேட்டதை எனக்குத் தமிழில் சொல்லவும், நான் சொன்னதை அவவுக்கு ஆங்கிலத்தில் சொல்லவும் ஒருவரை இருத்தியிருந்தார்கள். கோகுலன் சேர்தான் அது. நான் ஐந்து நிமிடம் சொன்னதை அவர் அரை நிமிடத்தில் சொல்லி முடித்தார். அந்த அம்மையார் தலையை ஆட்டினா.

முடிவு இதுதான். உத்தியோகத்தர்கள் பதினொரு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். படி தற்காலிகமாக நிறுத்தம். புத்தகத்தில் பொய் எழுதினது கேற்காரன். நான் கம்பனியின் ஆள் இல்லை, காவல் ஏஜென்சியின் ஆள். ஆகவே கம்பனி ஏஜென்சிக்குச் சொன்னது. ஏஜென்சி அன்று பின்னேரமே என்னை நிறுத்தியது. நிறுத்தின கடிதத்தில் "கள்ளப் பதிவு" என்று காரணம் போட்டிருக்கிறார்கள்.

உன் படத்தில் பதினொரு பேர். வேலை போனது படத்தில் இல்லாதவனுக்கு.

நான் ஒவ்வொரு நாளும் இங்கேயிருந்து ஆறு மைல் மிதித்துப் போனது உனக்குத் தெரியும். ஏஜென்சி ஆட்களுக்கு அந்தப் படி கிடையாது. நான் கேட்டதும் இல்லை. நான் வாங்கின சம்பளத்துக்கு வரி வெட்ட ஒன்றுமில்லை. அவர்களுக்கு வரி இல்லை என்பது ஒரு சலுகை. எனக்கு வரி இல்லை என்பது என் நிலை.

ஒழுங்காகப் படி. மாமிக்குக் கரைச்சல் கொடுக்காதே.

சிமியோன்

*

பருத்தித்துறை
24.06.2025

அன்பின் அண்ணைக்கு,

கடிதத்தை மாமிக்குத் தெரியாமல் கிணற்றடியில் வைத்து வாசித்தேன். பிறகு வாளியை விட்டுவிட்டேன். வாளி கிணற்றுக்குள். இந்த வீட்டில் நான் செய்கிற எல்லாமும் ஏதோ ஒரு பகிடி என்று மாமி நினைப்பதால், "என்ன, கிணத்துக்கும் படம் எடுக்கிறியோ" என்று கேட்டா. நான் கயிற்றில் கொக்கியைக் கட்டி வாளியைத் துழாவினேன். அதையும் அவ பகிடி என்றுதான் எடுத்திருப்பா.

மன்னியுங்கள் என்று எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அது நம்பும்படியாக இல்லை. வெட்டிவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் என் கணக்குப் புள்ளி முப்பத்தெட்டை நான் எண்பத்தெட்டாக்கினேன். மூன்றை எட்டாக்க இரண்டு வளைவு போதும். அதற்கு நீங்கள் மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. அம்மா சமாதானம் பேச வந்தபோது, "புள்ளி குறைஞ்சதுக்கில்லையம்மா, பொய்க்கு" என்று சொன்னீர்கள். நான் அறைக்குள் இருந்து கேட்டேன். அப்படிப்பட்ட நீங்கள் எட்டு மாதம், பதினொரு பேர், ஒவ்வொரு நாளும் சைக்கிள் சைக்கிள் என்று எப்படி எழுதினீர்கள்? உங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நம்புவேன். தெரியும் என்று சொன்னாலும் நம்புவேன். சொல்லுங்கள்.

இன்னொன்று. போனைத் தந்தால் இரண்டாவது படம் ஒன்று போடுகிறேன். இதில் பகிடி இல்லை. விடிய ஐந்து மணிக்கு நீங்கள் சைக்கிளை எடுக்கிறதிலிருந்து கேற் வரைக்கும் ஆறு மைலையும் வெட்டாமல் கொத்தாமல் காட்டுவேன். "இந்தாள் மட்டுந்தான் சைக்கிளிலை வந்தவர், இவருக்கு மட்டுந்தான் வேலை போனது" என்று கடைசியில் ஒரே ஒரு வசனம். வசனத்தை எழுதி வைத்துவிட்டேன்.

ஜெயனி

*

உரும்பிராய்
03.07.2025

ஜெயனிக்கு,

படம் ஒன்றும் போட வேண்டாம். முதல் படத்தின் சூடே இன்னும் ஆறவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். தெரியும். முதல் கிழமையிலேயே தெரியும். புத்தகத்தில் "கேற்றுக்கு வந்த முறை" என்று ஒரு நிரல். கோகுலன் சேருக்கு நேரே "சைக்கிள், சந்தியிலிருந்து" என்று எழுதினேன். மற்றவர்களுக்கும் அப்படியே. மூன்றாம் நாள் மனேச்சர் கூப்பிட்டார். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "உம்மடை வேலை கேற். சந்தி எங்கடை கேற்றுக்கு வெளியிலை கிடக்கு. வெளியிலை நடக்கிறதை உம்மை ஆர் எழுதச் சொன்னது?" என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் தந்தார். குப்பைக்கூடை என் பக்கத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு "சைக்கிள்" என்று மட்டும் எழுதினேன். அவர்கள் சைக்கிளில்தான் கேற்றுக்குள் வந்தார்கள். நான் மூன்றை எட்டாக்கவில்லை. ஒரு சொல்லை எழுதாமல் விட்டேன். இரண்டும் ஒன்றென்று நீ சொல்வாய். சொல்.

இப்போது நான் வெங்காய மூடை ஏற்றப் போகிறேன். சந்தைக்கு லொறி வருகிற நாட்களில் மட்டும் வேலை. உன் ரியூசனுக்கு இந்த மாதம் அனுப்ப முடியாது. மாமியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு விடயம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வர, கோகுலன் சேர் வீட்டில் இருந்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்திருந்தா. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சிமியோன், உம்மிலை எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை. ஒல்லாந்திலை தலைமைக் கந்தோருக்கு ஒரு கடதாசி வேணும், அவ்வளவுதான். தங்கச்சி பகிடிக்காரி எண்டு ஊருக்கே தெரியும். தான் பகிடிக்கு எடுத்த படம், எங்களைக் கேட்டு நடிக்க வைச்சது எண்டு ஒரு பக்கம் எழுதித் தரட்டும். சமாதான நீதவானிட்டை ஒப்பம் வைச்சால் காணும்."

அப்படி எழுதினால் என்னைத் திரும்ப எடுப்பார்களாம். ஏஜென்சி ஆளாக இல்லை, கம்பனியின் சொந்த ஆளாக. சைக்கிளும் படியும் சேர்த்து.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

சிமியோன்

*

பருத்தித்துறை
08.07.2025

அண்ணை,

முடியாது.

முடியாது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதலாம் என்று பார்த்தேன். கடதாசி விலை.

அவரின் கெட்டித்தனத்தைப் பாருங்கள். ஊருக்கே நான் பகிடிக்காரி. ஆகவே நான் உண்மை சொன்னால் அது பகிடி, பொய் சொன்னால் அது உண்மை. பள்ளிக்கூட அதிபரின் சைக்கிள் சீற்றைப் பின்பக்கம் திருப்பிப் பூட்டினது நான். ஆலயத்தில் கீதப் பலகையில் இலக்கத்தை மாற்றிப் பெரிய வெள்ளியன்று பாலன் பிறந்தார் என்று நத்தார்க் கீதம் பாட வைத்தது நான். இரண்டு வரி பாடின பிறகுதான் போதகருக்கே விளங்கினது. இதெல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். சமாதான நீதவான் முன்னாலேயே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் படம் மட்டும் பகிடி இல்லை. நான் சிரித்துக்கொண்டு எடுத்ததால் எல்லாருக்கும் அப்படித் தெரிகிறது.

உங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மே மாதம் ஒரு நாள் நீங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனீர்கள். அம்மா என்னிடம் தந்து பஸ்ஸில் அனுப்பினா. நான் சந்தியில் இறங்கி நடந்து வந்தேன். எனக்கு முன்னால் கோகுலன் ஈர முதுகோடு கேற்றுக்குள் போனார். நீங்கள் கேற்றைத் திறந்துவிட்டு நின்றீர்கள். விடியக்காலை ஆறு மைல் மிதித்து வந்து, உப்புப் பூத்துக் காய்ந்த சேர்ட்டோடு நின்றீர்கள். அவர் சைக்கிளால் இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு உங்களிடம் என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா?

"சிமியோன், உடம்புக்கு நல்லது. நீரும் சைக்கிளிலை வாருமன்."

நீங்கள், "ஓம் சேர்" என்றீர்கள்.

சாப்பாட்டை மதிலில் வைத்துவிட்டு நான் வந்துவிட்டேன். நீங்கள் என்னைக் காணவில்லை. அடுத்த நாள்தான் போனோடு போனேன். அந்த "ஓம் சேர்" என் காதுக்குள்ளேயே நின்றது. அது இரண்டு லட்சம் பேருக்குக் கேட்கட்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவர்களுக்குக் குதிரைதான் தெரிந்தது.

ஆகவே முடியாது. அவர்களுக்கு வேண்டுமென்றால் என்னைத் திருடி என்று எழுதித் தருகிறேன். நடித்தார்கள் என்று எழுத மாட்டேன்.

ஜெயனி

*

உரும்பிராய்
22.07.2025

ஜெயனி,

இரண்டு கிழமை எழுதாமல் இருந்தேன். நீ எழுதினதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீ அன்றைக்கு வந்தது எனக்குத் தெரியாது. சாப்பாடு மதிலில் இருந்ததைக் கண்டு அம்மா வந்துவிட்டுப் போயிருக்கிறா என்று நினைத்தேன்.

அந்த "ஓம் சேர்" உனக்கு ஒரு தரம்தான் கேட்டது. நான் அதை ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்வேன். அதில் எதுவும் எனக்குக் காதில் நிற்பதில்லை. அதுதான் எனக்கும் உனக்கும் வித்தியாசம்.

நான்கு இடத்தில் வேலை கேட்டேன். ஒரு அரிசி ஆலை, ஒரு கட்டடக் கம்பனி, இரண்டு கடை. நான்கு பேரும் முந்தின இடத்துக் கடிதம் கேட்டார்கள். காட்டினேன். காட்டாமல் பொய் சொல்லலாம் என்று அம்மா சொன்னா. எனக்கு வரவில்லை. "கள்ளப் பதிவு" என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு, அரிசி ஆலைக்காரர், "தம்பி, எங்களிட்டையும் மூடைக் கணக்கு எழுத வேணுமே" என்றார். நல்ல மனிசன். மரியாதையாகத்தான் சொன்னார்.

சைக்கிளை விற்றுவிட்டேன். லொறி ஏற்ற நடந்தே போகலாம்.

நான் போன கடிதத்தில் கேட்கவில்லை, அவர்கள் கேட்டதைத்தான் எழுதினேன். இப்போது நான் கேட்கிறேன். எழுதித் தா.

உனக்குப் பதினேழு வயது. பகிடி பண்ணினாள் என்ற பேர் உன்னில் இரண்டு வருடம் நிற்கும். பிறகு யாரும் நினைக்க மாட்டார்கள். எனக்கு முப்பத்திரண்டு. கள்ளன் என்ற பேரோடு இன்னும் முப்பது வருடம் வேலை கேட்டுத் திரிய வேண்டும்.

பொய்யை நான் உன்னிடம் கேட்கிறேன். நான் கேட்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதையும் நீ சொல்லிக்காட்டத் தேவையில்லை.

அண்ணை

*

பருத்தித்துறை
27.07.2025

அன்பின் அண்ணைக்கு,

இத்தோடு கடிதம் இருக்கிறது. மாமி பாதுகாவலராக ஒப்பம் வைத்திருக்கிறா. சமாதான நீதவான் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்து, "பிள்ளை, உனக்கு வேற விளையாட்டுக் கிடைக்கேல்லையோ" என்று கேட்டார். "கிடைக்கேல்லை ஐயா" என்றேன். முத்திரை குத்தினார்.

நீங்கள் ஒருக்கால் வாசித்துவிட்டுக் கொடுங்கள். இதில் எழுதினது:

"உரும்பிராயைச் சேர்ந்த ஜெயனி ஆகிய நான் இத்தால் அறியத் தருவது. கடந்த மே மாதம் என்னால் வெளியிடப்பட்ட காணொளி உண்மைச் சம்பவம் அன்று. நகைச்சுவைக்காக நான் கேட்டுக்கொண்டதன் பேரில் தங்கள் நிறுவன உத்தியோகத்தர்கள் பதினொருவர் நல்லெண்ணத்துடன் நடித்துத் தந்தனர். அவர்கள் தினமும் தத்தமது வீடுகளிலிருந்து சைக்கிளிலேயே வேலைக்கு வருகின்றனர் என்பதை நான் அறிவேன். வாயிற்காவலர் சிமியோன் எழுதிய பதிவுகள் யாவும் சரியானவை. பொதுமக்களை ஏமாற்றியமைக்காக மனம் வருந்துகிறேன்."

"நல்ல தமிழ்" என்றா மாமி. எனக்கும் ஆச்சரியம்தான். ஒரு எழுத்துப்பிழை இல்லை. நான் எழுதினதிலேயே ஒரு பகிடியும் இல்லாத பக்கம் இதுதான், ஆகவே நம்புவார்கள்.

கடைசிக்கு முதல் வசனம் என் சொந்தச் சரக்கு. அவர்கள் கேட்கவில்லை. அது இல்லாமல் அனுப்ப விட வேண்டாம். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் மற்ற வசனங்களை எழுதினேன்.

பேர் இரண்டு வருடத்தில் மறையும் என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளையின் கொப்பியை ஆசிரியை தொலைத்துவிட்டா. அவவே அதை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனதை நான் கண்டேன், சொன்னேன். பகிடி என்று வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆசிரியையும் சிரித்தா. இப்போதே இப்படி.

வேலை கிடைத்தவுடன் எழுதுங்கள்.

ஜெயனி

*

உரும்பிராய்
30.08.2025

அன்பின் தங்கச்சிக்கு,

வேலை கிடைத்துவிட்டது. முதலாம் திகதியே எழுதியிருக்க வேண்டும், நியமனக் கடிதம் கையில் வந்த பிறகு எழுதுவோம் என்று இருந்தேன். இப்போது நான் காவற்காரன் இல்லை, நுழைவாயில் மேற்பார்வையாளர். விடிய ஆறு மணிக்கு நிற்கத் தேவையில்லை, உத்தியோகத்தரோடு எட்டு மணிக்குப் போனால் போதும். கேற்றில் ஏஜென்சி புதிதாக ஒருவரைப் போட்டிருக்கிறது. புத்தகத்தை அவர் எழுதுகிறார். பின்னேரம் நான் பார்த்து ஒப்பம் வைக்கிறேன்.

ஒல்லாந்து அம்மையார் உன் கடிதத்தை மொழிபெயர்த்து வாசித்துவிட்டுச் சிரித்தாவாம். பிள்ளைகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்றாவாம். படியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டா. உன் கடைசிக்கு முதல் வசனம் அப்படியே போனது. நான் நின்று பார்த்துத்தான் அனுப்பினேன்.

எனக்கும் சைக்கிள் தந்தார்கள். பச்சை நிறம், கியர் உள்ளது. உரும்பிராயிலிருந்து முப்பத்தைந்து நிமிடத்தில் போய்விடுகிறேன், பழையதில் ஐம்பது எடுக்கும். காற்று மாதிரிப் போகிறது. அம்மா பின்னேரத்தில் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறா, சாமான் ஒன்றும் கரியரில் ஏற்ற விடமாட்டா. சம்பளத் துண்டில் "சைக்கிள் படி, வரியற்றது" என்று தனியாக ஒரு வரி வருகிறது. நீ கண்டால் ஏதாவது சொல்வாய்.

ரியூசன் காசு மாமிக்கு அனுப்பிவிட்டேன். நத்தாருக்கு முதலே வா. போனை எடுத்துச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.

நீ எழுதித் தந்ததை நான் மறக்க மாட்டேன்.

அன்புடன் அண்ணை

*

பருத்தித்துறை
19.09.2025

அண்ணை,

போன திங்கட்கிழமை எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. உங்களுக்குச் சொல்லாமல் வந்து ஆச்சரியப்படுத்துவோம் என்று மாமியிடம் காசு வாங்கிக்கொண்டு முதல் பஸ் எடுத்தேன். பருத்தித்துறை வடை ஒரு பை. நீங்கள் புதுச் சைக்கிளில் வருகிறதைச் சந்தியில் நின்று பார்க்க வேண்டும், பார்த்து ஒரு கூக்காட்டு விட வேண்டும், அதுதான் திட்டம்.

ஏழரைக்கே வந்துவிட்டேன். சீவரத்தினத்தார் என்னைக் கண்டவுடன் கேத்திலைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, போன் கொண்டு வந்தனியோ?"

"இல்லையையா, வடை கொண்டு வந்தனான்."

"அப்ப இரு."

கடைக்குள் இருந்த வாங்கில் குந்தித் தேத்தண்ணீர் குடித்தேன். அங்கேயிருந்து பார்த்தால் கடைக்குப் பின்பக்கம் தெரியும். சைக்கிள்கள் முந்தி நின்ற மாதிரியே நின்றன. எண்ணினேன். பன்னிரண்டு. கடைசிச் சைக்கிள் பச்சை. சீற்றில் தூசி, சில்லுக்குள் ஒரு சிலந்தி வலைகூட. யாரோ புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்க, கோப்பாய்ப் பக்கமிருந்து கோகுலனின் மோட்டார் சைக்கிள் வந்தது. அவருக்குப் பின்னால் நீங்கள் இருந்தீர்கள்.

நீங்கள் இறங்கி அந்தப் பச்சைச் சைக்கிளை அவிழ்த்தீர்கள். கையால் சீற்றைத் தட்டினீர்கள். ஏறி ஒரு மிதி மிதிக்க அது கத்தினது. கோகுலன், "சிமியோன், செயினுக்கு எண்ணெய் விடுமன்" என்றார். அதற்கு நீங்கள், "முந்நூறு மீற்றருக்கு எண்ணெய் என்னத்துக்கு சேர், வருசத்துக்கு ஒருக்கால் விட்டாக் காணும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். சாவகச்சேரிக்காரர் உங்கள் முதுகில் தட்டினார். நீங்களும் சிரித்தீர்கள். நல்ல பகிடி, அண்ணை. நான் சொல்லியிருக்க வேண்டிய பகிடி.

பிறகு பன்னிரண்டு பேரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேற்றுக்குப் போனீர்கள். அந்தப் புது ஆள் புத்தகத்தைத் திறந்து எழுதினார். தூரத்திலிருந்தே தெரிந்தது. உங்களைவிட வயதில் மூத்தவர் போல இருந்தார். எழுதிவிட்டு எழும்பி நின்றார்.

"மேற்பார்வையாளர் முதல் கிழமை சைக்கிள் ஓடித்தான் வந்தவர்" என்றார் சீவரத்தினத்தார், நான் கேட்காமலே. "பிறகு அவையள் விடேல்லை. தனியச் சைக்கிளிலை வந்தா மற்றவைக்குக் கூச்சமாக் கிடக்காம்."

ஒரு கிழமை ஓடியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரிய வேண்டியது. ஆனால் முப்பதாம் திகதி நீங்கள் எழுதின கடிதத்தில் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது, காற்று இருந்தது, அம்மா பின்னேரத்தில் துடைக்கிறது இருந்தது. அந்தச் சைக்கிள் வீட்டுக்கு வருவதே இல்லை. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும்தானே. அவவும் எனக்குச் சொல்லவில்லை.

நான் உங்களைக் கூப்பிடவில்லை. வடையைக் கடையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். படம் எடுக்கப் போன் இல்லை என்பது உண்மை. இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். எடுத்தாலும் அதை நடிப்பு என்று சமாதான நீதவான் முன்னால் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேனே.

எனக்கு நீங்கள் மோட்டார் சைக்கிளில் வந்ததில் கோபம் இல்லை. ஆறு மைல் பெரிய தூரம், யாராவது ஏற்றிக்கொண்டு வந்தால் நல்லதுதான். படியை வாங்கினதிலும் இல்லை. மூடை ஏற்றின முதுகு அது. ஆனால் நான் என் பேரைக் கொடுத்து அந்தக் கடிதத்தை எழுதினது, பொய் சொல்ல வராமல் நாலு இடத்திலும் அந்த நிறுத்தின கடிதத்தை எடுத்துக் காட்டிவிட்டு வந்த ஒரு மனிசனுக்காக. அந்தாளைத் திங்கட்கிழமை சந்தியில் காணவில்லை.

நத்தாருக்கு நான் வரவில்லை. மாமியோடு இருக்கிறேன்.

ஜெயனி